கார் ஷெட்டில் பிளக் பாயின்ட் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கார் ஷெட் என்று கட்டப்படும் இடத்தில் கார் மட்டும் நிற்பதில்லை. வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், பழைய ஃபிரிட்ஜ், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய கிரைண்டர், இப்போது மின்சார ஸ்கூட்டர் என்று எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஆனால் வீடு கட்டும்போது அந்த இடத்துக்கு ஒயரிங் செய்தவர் ஒரு டியூப் லைட்டையும், மனம் இருந்தால் ஒரு சின்ன பிளக்கையும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே கூடுதல் பிளக் வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஒருமுனை இணைப்பு, 230 வோல்ட் என்ற கணக்கில் பதில்கள் அமைந்திருக்கின்றன.

ஏற்கெனவே ஷெட்டில் இருக்கும் லைட் போர்டிலிருந்து ஒயர் இழுத்து இன்னொரு பிளக் வைத்துக்கொள்ளலாமா?

செல்போன் சார்ஜருக்கும் டேபிள் ஃபேனுக்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் கூடாது.

லைட் போர்டுக்கு வரும் ஒயர் பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மி.மீ. தடிமன்தான் இருக்கும். அதே ஒயரில் ஹால் லைட்டும் வாசல் லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். போர்டில் பெரிய சாக்கெட்டை மாட்டிவிட்டால் பெரிய கருவியின் பிளக் அதில் நுழைந்துவிடும். பின்னால் இருக்கும் ஒயர் தடித்துவிடாது. வெந்நீர் ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷினை அதில் ஓட்டினால் சுவருக்குள் பைப்பில் கிடக்கும் ஒயர் நாள்தோறும் சூடேறி ஆறும். மேலுறை இறுகி வெடிப்பு விட ஆரம்பிப்பது வெளியே தெரியாது. சாக்கெட்டின் விலை சில நூறு ரூபாய். செலவும் உழைப்பும் டி.பி. பாக்ஸிலிருந்து (மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் வீட்டின் பல லைன்களாகப் பிரியும் பெட்டி) ஷெட் வரை தனி லைன் இழுப்பதில்தான் இருக்கின்றன. அந்த வேலையைத் தவிர்க்க எந்தக் குறுக்கு வழி சொன்னாலும் கேட்காதீர்கள்.

எந்தக் கருவி எவ்வளவு இழுக்கும்?

கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது 2,000 வாட்டைத் தொடும், அதாவது சுமார் 9 ஆம்பியர். கார் கழுவும் பிரஷர் வாஷர் 1,400 முதல் 1,800 வாட். வீட்டு கிரைண்டர் சில நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும்.

மோட்டார் உள்ளவற்றில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்றாலும், ஏர் கம்ப்ரஸரோ பம்ப் மோட்டாரோ கிளம்பும் அந்த நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஷெட்டில் மோட்டார் போட்டவுடன் ஹாலில் லைட் ஒரு கணம் மங்குவது இதனால்தான்.

6 ஆம்பியர் சாக்கெட் வைப்பதா, 16 ஆம்பியரா?

பேச்சில் இன்னும் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்றே சொல்கிறோம். சாக்கெட்டில் இப்போது 6, 16 என்று அச்சிட்டிருக்கும். ஷெட்டுக்கு 16 ஆம்பியரே வையுங்கள். இரண்டு வகை பிளக்கையும் ஏற்கும் கூட்டுச் சாக்கெட் கிடைக்கிறது. சுவிட்சும் அதே 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும்.

கடைகளில் கன்வர்ட்டர் பிளக் என்று ஒன்று தொங்கும். தடித்த பின் உள்ள பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் சாதனம். பின்னைத் தடிமனாகச் செய்ததே சின்ன சாக்கெட்டில் அது நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பாதுகாப்பைப் பணம் கொடுத்து வாங்கி ஒழிப்பானேன்?

ஒயர் எந்தத் தடிமனில் இருக்க வேண்டும்?

ஒரு 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். கடையில் ‘இரண்டரை ஸ்கொயர்’ என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமை என்றாலோ, டி.பி. பாக்ஸிலிருந்து ஷெட் தொலைவு என்றாலோ 4 சதுர மி.மீ. போடுங்கள். மின்சாரக் காருக்கான 7 கிலோவாட் சுவர் சார்ஜருக்கு 6 சதுர மி.மீ. தேவை.

தொலைவு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். டி.பி. பாக்ஸிலிருந்து ஷெட் 20 மீட்டர், கருவி 14 ஆம்பியர் இழுக்கிறது. போக, வர 40 மீட்டர் ஒயர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் இந்த நீளத்துக்கு ஏறத்தாழ அரை ஓம் தடை. கிட்டத்தட்ட 7 வோல்ட் வழியிலேயே தொலையும். 95 வாட் அளவுக்குச் சுவருக்குள் வெறும் வெப்பமாகும். 2.5-இல் இது 60 வாட்டுக்கும் கீழே வரும், 4-இல் 40 வாட்டுக்கும் கீழே. ஏற்கெனவே மின்னழுத்தம் 200-க்குக் கீழே தள்ளாடும் தெருக்களில் அந்த 7 வோல்ட்டும் பெரிய இழப்புதான்.

சுமை மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை ஒயருக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும், கருவிக்கேற்ப அல்ல. இரண்டரைக்கு 16 அல்லது 20 ஆம்பியர், நான்குக்கு 20 அல்லது 25, ஆறுக்கு 32. மோட்டார் ஓடும் லைனுக்கு ‘சி’ வகை எம்.சி.பி. வாங்குங்கள், ‘பி’ வகை கிளம்பும் மின்னோட்டத்துக்கே விழுந்துவிடலாம். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அதற்கு எம்.சி.பி.யே இல்லாமல் இருக்கலாம்.

ஷெட் வீட்டை ஒட்டாமல் காம்பவுண்டின் மறுமூலையில் இருந்தால் ஒயரை மதில் மேல் ஆணியடித்துக் கொண்டுபோகாதீர்கள். இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணலுக்குள் படுக்கவைத்து, மேலே செங்கல் பரப்பி மூடுவதே முறை. நாளை தென்னங்கன்றுக்குக் குழி தோண்டுபவரின் கடப்பாரைக்கு முதலில் செங்கல் தட்டுப்படும்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு?

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை.

மனித உடல் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்குகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கண்ணிலேயே படாத அளவு. ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டிக்கும். ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு உடல் கொண்ட கருவிகள் மூன்றும் ஒன்றுகூடும் இடம் ஷெட். வீட்டில் வேறெங்கும் இல்லாவிட்டாலும் இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பெட்டியில் 100 அல்லது 300 என்று போட்டிருந்தால் அது தீத் தடுப்புக்கானது, ஆளுக்கு உதவாது. இரண்டு வேலையையும் ஒரே சாதனம் செய்ய வேண்டுமானால் ஆர்.சி.பி.ஓ. வாங்கலாம், விலை கூடுதல்.

எங்கள் பழைய வீட்டில் எர்த்தே இல்லை. நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் போதும் என்கிறாரே எலக்ட்ரீஷியன்?

அவரை மாற்றிவிடுங்கள்.

சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது பல ஊர்களில் நடக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரை எதுவும் நடக்காது. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் ஓடுகிறது. கம்பத்திலோ மீட்டரிலோ போர்டிலோ நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போனால், ஃபேஸ் கருவிக்குள் போய், திரும்ப வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியாகக் கருவியின் உடம்புக்கு வந்து நிற்கும். வாஷிங் மெஷினின் தகரத்தில் 230 வோல்ட். பார்ப்பவருக்குக் கரண்ட் போய்விட்டது என்றுதான் தோன்றும், மெஷின் ஓடாதே! என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்த்தான் கை வைப்பார்.

சரியான வழி எர்த் குழி போடுவது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, எட்டுப் பத்து அடி ஆழத்தில் ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவது பழைய முறை. கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரசாயனக் கலவை நிரப்பிய எர்த் ராடுகள் இப்போது கிடைக்கின்றன, அவற்றுக்குப் பராமரிப்பு குறைவு. குழியிலிருந்து டி.பி. பாக்ஸுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை ஒயர் தொடர்ந்து வர வேண்டும்.

எர்த் போட்டுவிட்டோம், இனி ஆர்.சி.சி.பி. எதற்கு என்றும் கேட்பார்கள். குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு அது நல்ல எண்தான். கருவியின் உடம்பில் ஃபேஸ் பட்டால் அதிகபட்சம் 46 ஆம்பியர் மண்ணுக்குள் போகும். 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். ஆகவே அது சூடேறி விழ விநாடிகள் ஆகும், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை உடம்பு மின்னேறியே இருக்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் 5 ஓம் 20 ஓம் ஆவதும் உண்டு, அப்போது எம்.சி.பி. விழாமலேயே போகலாம். ஆர்.சி.சி.பி.க்கு இந்தத் தடையெல்லாம் ஒரு பொருட்டல்ல. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஆர்.சி.சி.பி. மாட்டியதிலிருந்து நாளுக்கு நான்கு முறை விழுகிறது. கழற்றிவிடலாமா?

அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது, அல்லது ஒயரிங்கில் கலப்பு இருக்கிறது. நம் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியூட்ரல் கலப்பைத்தான். இன்வெர்ட்டர் வைத்தபோது ஏதோ ஒரு அறையின் நியூட்ரலை அருகிலிருந்த வேறு லைனில் முடிந்திருப்பார்கள். ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்னோட்டம் வேறு வழியில் திரும்பும். அது கசிவு என்று கணக்கிட்டுத் துண்டிக்கும். குறை சாதனத்தில் இல்லை.

மழை நாளில் மட்டும் விழுந்தால் வாசல் லைட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கருவியைப் போட்டால் மட்டும் விழுந்தால் அந்தக் கருவிதான். பழைய வாஷிங் மெஷின் ஹீட்டரும் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் வழக்கமான குற்றவாளிகள்.

சாக்கெட்டை எந்த இடத்தில், எந்த உயரத்தில் வைப்பது?

தரையிலிருந்து நான்கடிக்கு மேல். காரணம் இரண்டு. பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி. வாயுவும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோடு தவழும். சுவிட்ச் தட்டும்போது எழும் சிறு தீப்பொறி அந்த மட்டத்தில் இருக்கக் கூடாது. இன்னொரு காரணம் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார் ஷெட்டில்தான் தண்ணீர் முதலில் நின்றது. உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதன் தடம் மதிலில் இன்னும் இருக்கும். அதற்கு மேல் வையுங்கள். ஷெட் லைனுக்குத் தனி எம்.சி.பி. இருந்தால், தண்ணீர் வரும்போது அதை மட்டும் உள்ளிருந்தே நிறுத்திவிடலாம்.

மூன்று பக்கமும் திறந்த போர்ட்டிகோ என்றால் மூடி போட்ட, ஐ.பி. 55 என்று குறித்த சாக்கெட் பெட்டியை வாங்குங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், 5 என்றால் குழாயால் பீய்ச்சும் நீரையும். ஆனால் பிளக் செருகி மூடி திறந்திருக்கும்போது அந்த எண்ணுக்குப் பல பெட்டிகளில் அர்த்தமில்லை. செருகிய நிலையிலும் மூடிக்கொள்ளும் ஆழமான மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

குளவியை மறந்துவிடாதீர்கள். திறந்த ஷெட்டில் பயன்படாமல் கிடக்கும் சாக்கெட்டின் எர்த் துவாரம் குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு. மண் வைத்து அடைத்துவிடும். மேலே பெரியதாக இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது முதலில் தொடுவதற்காக. துவாரத்தில் மண் இருந்தால் அது தொடவே தொடாது. அல்லது பிளக் நுழையவில்லை என்று நாம் பலம் கொண்ட மட்டும் அழுத்துவோம், உள்ளே தொடுதகடு விரிந்துவிடும். ஷட்டர் வைத்த சாக்கெட் குழந்தைகளின் விரலுக்கு நல்லது, ஆனால் எர்த் துவாரத்தை அது மூடாது.

மின்சார ஸ்கூட்டர், கார் சார்ஜ் செய்ய தனி ஏற்பாடு வேண்டுமா?

ஸ்கூட்டருக்கு மேலே சொன்ன 16 ஆம்பியர் லைன் தாராளம். பெரும்பாலான வீட்டு சார்ஜர்கள் ஒரு கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும்.

கார் வேறு. காரோடு வரும் கையடக்க சார்ஜர் பொதுவாக 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல். 30 யூனிட் பேட்டரி என்றால் ஒன்பது பத்து மணி நேரம் விடாமல் ஓடும். இஸ்திரிப் பெட்டியோ கீசரோ இப்படி இரவு முழுவதும் முழுச் சுமையில் ஓடுவதே இல்லை. ஆகவே தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், தனி எம்.சி.பி., தரமான சாக்கெட். அதே லைனில் வாஷிங் மெஷின் கூடாது. முதல் முறை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது. துவாரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டை மாற்றும் காலம் கடந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துத் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

இந்த சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி சார்ஜ் ஏற மறுக்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று ஷோரூமுக்கு அலைவார்கள். வீட்டில் எர்த் இல்லை என்பதை அந்த சார்ஜர்தான் முதன்முதலில் கண்டுபிடித்திருக்கும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளுக்குள் இணைத்த குட்டி அடாப்டர்கள் விற்கிறார்கள். பழைய வீட்டைப் பற்றிய பதிலில் சொன்ன அதே ஆபத்துதான். இங்கே மின்னேறுவது நீங்கள் கதவைத் திறக்கப் போகும் காரின் உடம்பு.

கார் சார்ஜருக்கான ஆர்.சி.சி.பி. ‘ஏ’ வகையாக இருக்க வேண்டும். கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ‘ஏசி’ வகை. நேர்மின்னோட்டம் கலந்த கசிவை அது கவனிக்காமல் விடலாம். சுவர் சார்ஜர் என்றால் அதன் கையேட்டில் எந்த வகை என்று குறித்திருப்பார்கள், சிலவற்றுக்கு ‘பி’ வகை தேவைப்படும்.

மின்வாரியத்தில் சொல்ல வேண்டுமா? பில் எவ்வளவு ஏறும்?

ஒரு பிளக் கூட்டுவதற்குத் தேவையில்லை. ஆனால் மொத்தச் சுமை உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டினால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏ.சி. இரண்டு, கீசர், அதற்கு மேல் 7 கிலோவாட் சார்ஜர் என்றால் மும்முனை இணைப்பைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் சிறிய மின்சாரக் கார் இரு மாதக் கணக்கில் சுமார் 250 யூனிட்டைக் கூட்டும். இரு மாதத்துக்கு 300 யூனிட் எடுக்கும் வீடு 550-க்குப் போகும். நம் கட்டணத்தில் 500 தாண்டினால் கூடுதலாக எடுத்த யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 100-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். முதல் 100 இலவசம் மட்டும் தொடரும். அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் என் காருக்கு மட்டும் பாயின்ட் வைக்கலாமா?

சொந்த இணைப்பிலிருந்து வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் பொதுச் சுவர் வழியே போகும் என்பதால் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பொது விளக்குக்கான இணைப்பிலிருந்து எடுக்காதீர்கள். மின்சாரத்தைவிட அதிகம் கசப்புதான் வரும்.

பழைய ஃபிரிட்ஜை ஷெட்டில் வைத்து ஓட்டலாமா?

ஓட்டலாம், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால். ஊருக்குப் போகும்போது ஆர்.சி.சி.பி. விழுந்து உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும் வாய்ப்பும் உண்டு. ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி ஆர்.சி.பி.ஓ. கொடுத்தால் வேறு கருவியின் கசிவால் அது நிற்காது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாதா?

வாரம் ஒருமுறை வாக்குவம் கிளீனருக்குப் போதும், ஒயரைச் சுருளாக விடாமல் முழுவதும் பிரித்துப் போட்டால். சுருண்ட ஒயர் வெப்பத்தை வெளியே விடாது. நிரந்தரமாகக் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவானாலும், அங்கே ஒரு பாயின்ட் தேவை என்று பொருள்.

இன்வெர்ட்டர் லைனை ஷெட்டுக்குக் கொடுக்கலாமா?

லைட்டுக்கு மட்டும்.

இந்த வேலையை நானே செய்யலாமா?

பழுதான சுவிட்சையோ சாக்கெட்டையோ மெயினை அணைத்துவிட்டு அதே அளவில் மாற்றுவது வேறு. புதிய லைன் இழுப்பதும் ஒயரிங்கை மாற்றுவதும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலை முடிந்ததும் எதைச் சோதித்து வாங்க வேண்டும்?

டெஸ்டர் விளக்கு எரிந்தது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது ஃபேஸ் இருப்பதை மட்டுமே சொல்லும். மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சரியாகப் பூஜ்யம் காட்டினால், சுமை ஓடும்போதும் அப்படியே இருந்தால், யாரோ இரண்டையும் உள்ளே இணைத்திருக்கிறார்களா என்று சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்ற பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் சாதனம் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி, எர்த் நன்றாக இருக்கிறது என்பதற்கு அல்ல. எர்த் குழியின் தடையை அளக்கத் தனி கருவி உண்டு. ஒப்பந்ததாரரிடம் அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, டி.பி. பாக்ஸில் புதிய எம்.சி.பி.யின் மேல் ‘கார் ஷெட்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு அவருக்குப் பணத்தைக் கொடுங்கள்.